மேடையும் குழுவறையும்: ஒதுக்கப்பட்ட கலைஞர்களின் தேவைகளும் பண்பாட்டுக் கொள்கையும்

ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்க முற்படுவோர் விளைச்சல், மின்சாரம், எழுத்தறிவு, சாலை ஆகியவற்றைக் கணக்கில் கொள்கின்றனர். கலை அக்கணக்கின் இறுதியில் இடம்பெறுகிறது. பல வேளைகளில் இடம்பெறாமலே போகிறது. ஆயினும் நம் நாட்டில் கலையைத் தொழிலாகக் கொண்டு வாழும் குடும்பங்கள் பல லட்சம். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே பண்பாட்டுக் கொள்கை என்பது அழகியலைப் பற்றிய கேள்வியோடு நின்றுவிடுவதில்லை. அது கூலி, முதுமைப் பாதுகாப்பு, பிரதிநிதித்துவம், சமூக மதிப்பு ஆகியவற்றைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றோர் பட்டியலில் இரு தோற்கருவிக் கலைஞர்களின் பெயர்கள் இடம்பெற்றன. ஒருவர் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான். மற்றவர் மேற்கு வங்கத்தின் வடக்கு 24 பர்கனா மாவட்டம் மஸ்லந்தபூரைச் சேர்ந்த டாக் இசைக் கலைஞர் கோகுல் சந்திர தாஸ். ஆண்களே வாசித்துவந்த டாக் முரசை நூற்றைம்பது பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்றும், வழக்கமான முரசைவிட ஒன்றரைக் கிலோ எடை குறைந்த முரசை உருவாக்கியவர் என்றும் அவர் பாராட்டப்பட்டார். பறையும் டாக்கும் வெவ்வேறு மொழி நிலங்களின் கருவிகள். எனினும் இரண்டின் சமூக வரலாறும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் தோலால் ஆனவை; இரண்டையும் வாசித்தோர் சாதி அடுக்கின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டனர்; இரண்டும் இன்றி ஊரின் சடங்கு நிறைவடையாது; இருப்பினும் வாசிப்பவர் ஓரத்திலேயே நிற்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம்.

விருது அந்த வழக்கத்தை ஓரளவு தகர்த்துள்ளது. ஆனால் ஒருவருக்கு விருது வழங்கப்படுவது வேறு. அவருடைய இனத்துக் கலைஞர் அனைவருக்கும் உரிய கொள்கை வகுக்கப்படுவது வேறு. அக்கொள்கையின் தேவைகள் யாவை என்பதை, கோகுல் சந்திர தாஸின் மாவட்டத்திலேயே அமைந்த நியூ டவுன் என்னும் புதுநகரத்தை முன்வைத்து ஆராய்வது பயனுள்ளதாகும்.

புதுநகரமும் பழங்கலைகளும்

கொல்கத்தாவின் கிழக்கே, ராஜார்ஹாட் பகுதியின் வயல்களும் மீன் குளங்களும் இருந்த நிலத்தில் எழுந்த நகரம் நியூ டவுன். இதை உருவாக்குவதற்கென 1999-இல் மேற்கு வங்க வீட்டுவசதி உள்கட்டமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. நகரை நிர்வகிப்பதற்கான வளர்ச்சி ஆணையத்துக்கு 2007-இல் சட்டம் இயற்றப்பட்டது. 2016-இல் மத்திய அரசின் பொலிவுறு நகரத் திட்டத்திலும் நியூ டவுன் சேர்க்கப்பட்டது. அகன்ற சாலைகள், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், உயர்ந்த குடியிருப்புகள் ஆகியவற்றோடு, பண்பாட்டு நிலையங்களுக்கும் இந்நகரின் திட்டத்தில் இடம் ஒதுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. ரவீந்திரநாத் தாகூரின் பெயரால் ரவீந்திர தீர்த்தம், காஜி நஸ்ருல் இஸ்லாமின் பெயரால் நஸ்ருல் தீர்த்தம் ஆகியவை இங்கு எழுந்தன. 2012 டிசம்பரில் திறக்கப்பட்ட ஈகோ பார்க் என்னும் பெரும் பூங்காவில் கைவினைஞர்களுக்கான சந்தையும் அமைந்தது. பூங்காவையும் அதன் அருகிலுள்ள மேளா மைதானத்தையும் ஒட்டி மாநில அளவிலான கைவினைக் கண்காட்சிகள் நடந்துள்ளன.

அருகில் உள்ள சால்ட் லேக் பகுதியில், 'ஐகதான்' என்னும் வளாகத்தில் கிழக்கு மண்டலப் பண்பாட்டு மையம் இயங்குகிறது. 1980-களின் நடுவில் நாடு முழுவதும் தோற்றுவிக்கப்பட்ட ஏழு மண்டல மையங்களுள் இதுவும் ஒன்று. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் இதன் உடன்பிறப்பு. ஆகவே, ஒரு சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மத்திய அரசின் பண்பாட்டு நிறுவனமும், மாநில அரசின் அரங்குகளும், பெருந்திரளான நகர மக்களும் ஒருங்கே அமைந்த இடம் இது. கிராமக் கலைஞர் ஒருவருக்கு இதைவிட வாய்ப்பான சூழல் வேறு எங்கு அமையும் என்று கேட்கத் தோன்றும்.

ஆயினும் கூர்ந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். நிலையான கட்டிடங்கள் மகாகவிகளின் பெயரால் அமைந்துள்ளன, அது போற்றத்தக்கதே. கிராமக் கலைஞரோ கண்காட்சியின் சில நாட்களுக்கு மட்டும் நகருக்கு வருகிறார். பந்தல் பிரிக்கப்பட்டதும் ஊர் திரும்புகிறார். ஒத்திகைக்கு இடம், கருவிகளை வைக்க அறை, தங்குமிடம், மாணவருக்குக் கற்பிக்கும் கூடம் ஆகியவை அவருக்கென நகரின் வரைபடத்தில் தனியே குறிக்கப்படுவதில்லை. இது நியூ டவுனுக்கு மட்டும் உரிய குறையன்று. இந்தியாவின் புதுநகரங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

நகருக்கு வருவோர் யார்?

மேற்கு வங்கத்திலிருந்து இத்தகைய மேடைகளுக்கு வரும் கலைஞர்களுள் மூன்று பிரிவினரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

முதலாவது, புருலியா மாவட்டத்துச் சௌ நடனக் கலைஞர்கள். பெரிய முகமூடி அணிந்து, நிலத்தில் பாய்ந்தும் சுழன்றும் ஆடும் இந்நடனத்தில் மகதோ, பூமிஜ் முதலிய சமூகத்தினர் ஆடுகின்றனர். டோம் சமூகத்தார் முரசும் குழலும் இசைக்கின்றனர். சரிதா கிராமத்துச் சூத்திரதாரர்கள் முகமூடி செய்கின்றனர். சரிதாவைச் சேர்ந்த கம்பீர் சிங் முரா 1981-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் சௌ நடனத்தை மனித குலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாவது, மேற்கு மேதினிபூர் மாவட்டம் பிங்களா வட்டாரத்தின் நயா கிராமத்துப் படுவாக்கள். துணியொட்டிய நீண்ட காகிதச் சுருளில் கதையைக் கட்டங்களாக வரைந்து, சுருளை அவிழ்த்தபடியே பாடுவது இவர்கள் தொழில். சித்திரகர் என்பது இவர்களின் குடும்பப் பெயர். சமயத்தால் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பாடுவதோ மனசா தேவியின் கதையும் இராமாயணமும் சந்தால்களின் படைப்புக் கதையும். இரு சமயத்தார்க்கும் இடையில் நின்றதால் இரு தரப்பாராலும் ஐயத்துடன் நோக்கப்பட்ட சமூகம் இது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை போன்ற புதிய நிகழ்வுகளையும் அவர்கள் சுருளில் கொண்டுவந்துள்ளனர். இன்று இக்கலையில் பெண்கள் முன்னணியில் நிற்பது தனிச்சிறப்பாகும்.

மூன்றாவது, டாக்கிகள் எனப்படும் முரசுக் கலைஞர்கள். துர்க்கா பூசைக்குச் சில நாட்களுக்கு முன், கொல்கத்தாவின் சியால்தா இரயில் நிலையத்தின் வெளியே பல மாவட்டத்து டாக்கிகள் முரசுடன் கூடுகின்றனர். பூசைக் குழுவினர் அங்கு வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பேரம் பேசி அழைத்துச் செல்கின்றனர். கொல்கத்தாவின் துர்க்கா பூசையை யுனெஸ்கோ 2021-இல் தன் பட்டியலில் சேர்த்தது. பூசை உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் ஒலியாக விளங்கும் கலைஞர் இன்னும் இரயில் நிலைய வாசலில் கூலிக்குக் காத்திருக்கும் முறை மாறவில்லை. கொள்கை எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதை இந்த ஒரு காட்சியே உணர்த்தும்.

உதவித் திட்டங்களின் பயனும் வரம்பும்

அரசு இவர்களைக் கவனியாது விட்டதென்று கூறுவது முறையன்று. மேற்கு வங்க அரசு 2014-இல் தொடங்கிய 'லோக்பிரசார்' திட்டம் இத்துறையில் பெரிய முயற்சி. பதினெட்டு முதல் அறுபது வயது வரையுள்ள பதிவுபெற்ற நாட்டுப்புறக் கலைஞருக்கு மாதம் ரூ. 1,000 உதவித்தொகையும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ரூ. 1,000 ஊதியமும், அறுபது வயதைக் கடந்தோர்க்கு மாதம் ரூ. 1,000 ஓய்வூதியமும் அத்திட்டத்தில் வகுக்கப்பட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பதிவு செய்யப்பட்டனர். தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007-இல் நலவாரியம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய சென்னை சங்கமம் விழா, சில ஆண்டுகள் நின்று, 2023 பொங்கலின்போது மீண்டும் நடத்தப்பட்டது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் கிராமக் கலைகளை நகர மக்கள் கட்டணமின்றிக் காண அது வழிசெய்தது.

இத்திட்டங்களின் முதன்மையான பயன் அடையாளம். 'கலைஞர்' என்று புகைப்படத்துடன் அச்சிட்ட ஓர் அட்டை, அதுவரை சாதிப் பெயராலேயே அழைக்கப்பட்ட ஒருவருக்கு எத்தகைய மதிப்பை அளிக்கும் என்பதை எளிதில் மதிப்பிட இயலாது.

ஆயினும் மூன்று வரம்புகளைச் சுட்டுதல் வேண்டும். முதலாவது, ஊதியக் கணக்கு. இருபது பேர் கொண்ட ஒரு சௌக் குழு புருலியாவிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து ஆடுகிறதெனக் கொள்வோம். தலைக்கு ரூ. 1,000 வீதம் குழுவுக்கு ரூ. 20,000 கிடைக்கும். வருவதற்கும் ஆடுவதற்கும் திரும்புவதற்கும் மூன்று நாட்கள் ஆகுமெனில், ஒருவரின் நாள் வருவாய் ஏறத்தாழ ரூ. 333. ஒத்திகை நாட்களையும், உடையும் முகமூடியும் தேய்வதற்கான செலவையும் கழித்தால் இத்தொகை மேலும் குறையும். ஊரில் இருந்தால் கிடைக்கக்கூடிய கூலிக்கும் இதற்கும் இடையே பெரிய வேறுபாடு இராது. மேடையேறும் நேரத்தைக் கணக்கிட்டு அளிக்கும் ஊதியம், அம்மேடைக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் கணக்கிடுவதில்லை என்பதே இதன் உட்பொருள்.

இரண்டாவது, கலையின் உள்ளடக்கம். 1954-இல் மத்திய அரசு பாடல் நாடகப் பிரிவைத் தொடங்கிய காலம் முதலே, அரசுத் திட்டங்களை மக்களிடம் கொண்டுசெல்ல நாட்டுப்புறக் கலைஞர் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளனர். லோக்பிரசார் திட்டத்திலும் இந்நோக்கம் இருந்தது. தடுப்பூசி, குடும்பநலம், எழுத்தறிவு ஆகியவற்றைப் பாட்டால் பரப்புதல் நல்ல பணியே. அதற்கு ஊதியமும் கிடைக்கிறது. ஆனால் வருவாய் தரும் மேடைகள் அனைத்தும் விளம்பர மேடைகளாகிவிடின், மூத்த கலைஞருக்கு மட்டுமே தெரிந்த இரவு முழுதும் நீளும் கதைகள் ஆடப்படாமலே மறையும். அரசின் செய்திக்கு ஒரு பங்கும் மரபின் முழு வடிவத்துக்கு ஒரு பங்கும் எனத் திட்டச் செலவிலேயே பகுத்து வைப்பது இதற்குத் தீர்வாகலாம்.

மூன்றாவதும் முதன்மையானதுமான வரம்பு, முடிவெடுக்கும் உரிமை பற்றியது.

குழுவறையில் யார்?

எந்தக் குழுவை அழைப்பது, எத்தனை நிமிடம் ஆட விடுவது, எந்தப் பகுதியைச் சுருக்குவது, எவ்வளவு ஊதியம் அளிப்பது ஆகிய முடிவுகள் மேடையில் எடுக்கப்படுவதில்லை, குழுவறையில் எடுக்கப்படுகின்றன. அந்த அறையில் அமர்வோர் பெரும்பாலும் கல்வி பெற்ற நகரத்தார். கலையார்வமும் நல்லெண்ணமும் உடையவர்கள். எனினும் கலையை வாழ்வாகக் கொண்டவரின் அனுபவம் அங்கு பேசப்படுவதில்லை. மூன்று மணி நேரக் கூத்து பதினைந்து நிமிட 'அம்சம்' ஆகக் குறுகுவதும், இசைப்போரின் பெயர் அறிவிப்பில் விடுபடுவதும், ஊதியம் மாதக்கணக்கில் தாமதமாவதும் இதன் விளைவுகளாகும்.

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1965-இல் கலைக்கான தேசிய நிதி அமைப்பு நிறுவப்பட்டபோது, உதவி பெற்றவை பெரும்பாலும் நிலைபெற்ற இசைக்குழுக்களும் அருங்காட்சியகங்களுமாகவே இருந்தன. கறுப்பின, பூர்வகுடி, இசுபானிய, ஆசிய வழிக் கலைஞர்களின் அமைப்புகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று 1971-இல் தொடங்கப்பட்ட பின்னரே நிலை மாறத் தலைப்பட்டது. அதற்கு முன்பே, 1968-இல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினக் கலைக்கான அருங்காட்சியகம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. பிரிட்டனில் 1976-இல் நசீம் கான் அளித்த அறிக்கை, தெற்காசிய, மேற்கிந்தியத் தீவு முதலிய குடியேறிகளின் கலைகள் அந்நாட்டின் நிதியமைப்புகளால் கண்டுகொள்ளப்படாததை எடுத்துக்காட்டியது. இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்றே. கலைஞருக்கு உதவித்தொகை தருவதோடு, அவருடைய சமூகத்திலிருந்து கலை நிர்வாகிகள் உருவாகவும் வழிசெய்தால்தான் மாற்றம் நிலைக்கும்.

1980-இல் பெல்கிரேடில் கூடிய யுனெஸ்கோவின் பொது மாநாடு, கலைஞரின் தகுநிலை குறித்த பரிந்துரையை ஏற்றது. கலைஞரைப் பண்பாட்டுத் தொழிலாளராக அங்கீகரிக்க வேண்டும். மற்றத் தொழிலாளர் பெறும் சமூகப் பாதுகாப்பு அவர்க்கும் கிடைக்க வேண்டும். பண்பாட்டுக் கொள்கையை வகுப்பதில் கலைஞரும் அவர்தம் அமைப்புகளும் பங்கேற்க வேண்டும் என்பன அதன் சாரம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதன் மூன்றாம் கூறு நம்மிடையே இன்னும் வலுப்பெறவில்லை.

இதற்கு முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. 2014-இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காட்டு உறுப்பினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். நடைபாதையில் கடை வைக்கும் இடத்தை முடிவு செய்யும் குழுவில் வியாபாரிக்கு இடம் உண்டெனில், மேடையை முடிவு செய்யும் குழுவில் கலைஞருக்கும் அதே அளவு இடம் அளிப்பதில் தடையொன்றும் இருக்க இயலாது.

கலைஞர்களே நிர்வகிக்கும் அமைப்புகள் சாத்தியமானவை என்பதற்குத் தமிழகத்திலும் சான்று உண்டு. 1990-இல் காஞ்சிபுரம் பகுதியில் கூத்துக் கலைஞர்கள் தாமே ஒன்றுசேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். வட தமிழகத்தில் ஜமா என வழங்கும் கூத்துக் குழுவுக்கு, பருவத்தில் தாம்பூலம் பெற்று நிகழ்ச்சி ஒப்புக்கொள்வது, கணக்கு வைப்பது, வருவாயைப் பங்கிடுவது என வலுவான நிர்வாக மரபு ஏற்கெனவே உண்டு. குழுவை நடத்தும் வாத்தியார் ஒருவகையில் தேர்ந்த நிர்வாகியே. அலுவலக மொழியும் விண்ணப்ப முறையும் தணிக்கை விதியும் மட்டுமே அவர்க்குப் புதியவை. அவற்றைக் கற்பித்தல் அரிதன்று.

உரிமை என்னும் சொத்து

கலைஞருக்குக் கூலியைத் தவிர மற்றொரு சொத்தும் உண்டு. அது சட்டம் அளிக்கும் உரிமை. இதைப் பற்றிய அறிவு அலுவலரிடையேகூடக் குறைவாகவே உள்ளது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1994-இல் திருத்தப்பட்டபோது நிகழ்த்துக் கலைஞர் உரிமை விரிவாக வரையறுக்கப்பட்டது. நடிகர், பாடகர், இசைஞர், நடனக் கலைஞர் ஆகியோருடன் கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரையும் அச்சட்டம் கலைஞர் என்றே பெயர் குறித்துக் கூறுகிறது. தெருவில் வித்தை காட்டுவோரையும் அரங்கில் பாடுவோரையும் ஒரே வரிசையில் வைத்த சட்டம் இது. நிகழ்ச்சியை ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்யக் கலைஞரின் இசைவு வேண்டும். இவ்வுரிமை ஐம்பது ஆண்டுகள் நீடிக்கும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்தியவர் இன்னார் என்று அறிவிக்கப்படும் உரிமையையும் கலைஞருக்கு அளித்தது.

நடைமுறையிலோ, திருவிழாவில் ஆடும் கலைஞரின் உருவம் பின்னர் சுற்றுலா விளம்பரத்திலும் வணிக நிறுவனத்தின் படத்திலும் தோன்றலாம். அவரிடம் கையொப்பம் பெறப்பட்டிருந்தாலும், அவர் படிக்க இயலாத மொழியில் அத்தாள் இருந்திருக்கக்கூடும். நிகழ்ச்சி ஒப்பந்தம் கலைஞரின் தாய்மொழியில் ஒரு பக்க அளவில் அமைய வேண்டும்; பதிவு எதற்குப் பயன்படும், அதற்கு உரிய தொகை எவ்வளவு என்பன தெளிவாகக் கூறப்பட வேண்டும்.

புவிசார் குறியீடும் இத்தகையதே. வங்கப் படச்சித்திரமும் புருலியாச் சௌ முகமூடியும் 2018-இல் இக்குறியீட்டைப் பெற்றன. குறியீடு ஒரு பொருளின் பெயரை அதன் ஊருக்கு உரிமையாக்குகிறது. ஆனால் 1999-ஆம் ஆண்டின் சட்டப்படி, அப்பெயரை முத்திரையாகப் பயன்படுத்த விரும்பும் கைவினைஞர் 'அதிகாரம் பெற்ற பயனாளர்' என்று தனியே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பதிவு இல்லாதவர் கையில் குறியீடு ஒரு சான்றிதழாகவே நின்றுவிடும். அச்சுப்பொறியில் படியெடுத்த போலிச் சுருள் ஒன்று நகரச் சந்தையில் குறைந்த விலைக்கு விற்கப்படுமானால், அதைத் தடுக்க நயாவின் ஓவியருக்குத் தனியாக வலிமை இராது. சந்தையை நடத்தும் நிறுவனமே, பதிவுபெற்ற பயனாளரின் பொருளை மட்டும் அப்பெயரில் விற்க அனுமதித்தல் வேண்டும்.

இழிவைச் சுமக்கும் கலை

மேற்கூறியவை எல்லாம் பணமும் சட்டமும் பற்றியவை. இவற்றைவிட நுண்ணியதொரு சிக்கலும் உண்டு. பறையடித்தல், சாவுக்குச் செல்லுதல், விலங்கின் தோலைக் கையாளுதல் ஆகியவை சாதியின் கட்டாயக் கடமைகளாகச் சுமத்தப்பட்டிருந்தன. அக்கடமையை மறுப்பதே விடுதலையென்று கருதிப் பறையைக் கைவிட்டோர் தமிழகத்தில் உண்டு. அதே பறையைத் தன்மானத்தின் குரலாக மேடையேற்றியோரும் உண்டு. இரு முடிவுகளும் மதிக்கத்தக்கவை.

'மரபைக் காப்போம்' என்னும் முழக்கத்துடன் செல்லும் அலுவலர் இதை மறத்தலாகாது. ஒரு கலையைக் காப்பதென்பது ஒரு சாதியை அதன் பழைய தொழிலிலேயே கட்டிப்போடுவதாக ஆகிவிடக்கூடாது. டாக்கியின் மகள் மருத்துவராக விரும்பினால் அவளுக்குக் கல்வி உதவி வேண்டும். முரசுக் கலைஞராக விரும்பினால் அதற்கும் உதவி வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் இழப்பு நேராதவாறு செய்வதே கொள்கையின் கடமை. மஸ்லந்தபூரில் பெண்கள் டாக் கற்றதும், மதுரையிலும் பிற நகரங்களிலும் பல பிரிவு இளைஞர் பறை பயில்வதும் இவ்வகையில் நம்பிக்கை அளிக்கின்றன. கலை பிறப்பின் சுமையாக இருந்த நிலை மாறி விருப்பத்தின் பயிற்சியாகும்போது, அதன் ஆசான் பெறும் மதிப்பும் மாறுகிறது. ஆனால் பரம்பரைக் கலைஞர் பின்தள்ளப்பட்டு, புதிதாகப் பயின்றோர் மேடைகளைக் கைக்கொள்ளும் நிலை தோன்றாதவாறும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து கொள்கைக்கு வேண்டிய கூறுகளைத் தொகுத்துக் காணலாம்.

ஒன்று: பண்பாட்டு நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்யும் குழுக்களில் நாற்பது விழுக்காட்டு இடம், கலைஞர்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், சிறுபான்மையினர் ஆகிய கலைச் சமூகங்கள் இதில் உரிய இடம் பெற வேண்டும்.

இரண்டு: நிகழ்ச்சி ஊதியம், பயணச் செலவு, உணவும் தங்குமிடமும், ஒத்திகை நாட்களுக்கான படி ஆகியவை தனித்தனித் தலைப்புகளில் கணக்கிடப்பட வேண்டும். ஊதியத்தில் ஒரு பகுதி முன்பணமாகவும், எஞ்சியது குறித்த நாட்களுக்குள் நேரே வங்கிக் கணக்கிலும் சேர வேண்டும். கடன் வாங்கி நகருக்கு வரும் குழுவுக்கு, ஆறு மாதம் கழித்து வரும் ஊதியத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும்.

மூன்று: கலைச் சமூகங்களைச் சேர்ந்த இளைஞருக்குக் கலை நிர்வாகத்தில் ஊதியத்துடன் கூடிய பயிற்சி தேவை. மண்டலப் பண்பாட்டு மையங்களும் மாநிலப் பண்பாட்டுத் துறைகளும் இதற்கு ஏற்ற பயிற்சிக் களங்கள். திட்டம் வரைதல், கணக்கு, ஒப்பந்தம், ஒலியமைப்பு, பதிவும் ஆவணமும் ஆகியவை பாடமாக வேண்டும்.

நான்கு: புதுநகரங்களின் திட்டத்தில் கலைஞருக்கான தங்குமிடமும் ஒத்திகைக் கூடமும் முதலிலேயே குறிக்கப்பட வேண்டும். பிரான்சில் 1951 முதல் பொதுக் கல்விக் கட்டிடச் செலவில் ஒரு விழுக்காடு கலைப் படைப்புக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் இம்முறை பிற பொதுக் கட்டிடங்களுக்கும் விரிந்தது. நம் நாட்டிலும் கட்டுமானச் செலவின் மீது தீர்வை விதித்துக் கட்டிடத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் முறை உண்டு. நியூ டவுன் போன்ற நகரங்களில் எழும் பெருங்கட்டிடங்களிலிருந்து ஒரு சிறு பங்கை இவ்வாறு கலைக்கு ஒதுக்கினால், நயாவின் ஓவியர் அந்நகரின் சுவர்களிலும், புருலியாவின் குழு அதன் கூடங்களிலும் நிலையான இடம் பெறும்.

ஐந்து: நிகழ்த்துக் கலைஞர் உரிமையும் புவிசார் குறியீட்டுப் பதிவும் பற்றிய உதவி மையம் மாவட்டந்தோறும் அமைய வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இப்பணியை மேற்கொள்ளலாம்.

ஆறு: பள்ளிகளில் கலையாசிரியர் நியமனத்தின்போது பட்டத்துடன் நிகழ்த்தும் தேர்ச்சியும் தகுதியாகக் கொள்ளப்பட வேண்டும். நாற்பது ஆண்டுகள் கூத்தாடிய ஒருவர் கல்விச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் கற்பிக்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. கௌரவ ஆசிரியராக அவரை வருகைதரச் செய்வது தொடக்கமாக அமையலாம்.

முடிவுரை

நமது அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, தனக்கெனத் தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தக் குடிமக்கள் பிரிவினர்க்கும் அதைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது. 46-ஆம் பிரிவு, நலிந்த பிரிவினரின், குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி, பொருளாதார நலன்களைத் தனிக் கவனத்துடன் வளர்க்குமாறு அரசைப் பணிக்கிறது. இவ்விரு பிரிவுகளும் சந்திக்கும் இடமே கிராமக் கலைஞரின் வாழ்க்கை. அவரிடம் பண்பாடும் இருக்கிறது, வறுமையும் இருக்கிறது. முன்னதைப் பாராட்டிவிட்டுப் பின்னதை மறப்பது கொள்கையாகாது.

மேற்கூறிய யோசனைகளுள் பலவற்றுக்குப் பெரும் நிதி தேவைப்படாது. குழுவில் இடம் அளிப்பதற்கும், ஒப்பந்தத்தைத் தாய்மொழியில் எழுதுவதற்கும், ஊதியத்தை உரிய நாளில் செலுத்துவதற்கும் ஓர் அரசாணையும் அதை நிறைவேற்றும் மனமும் போதும். துர்க்கா பூசைக் காலத்தில் டாக்கி ஒருவர், இன்ன பந்தலில் இன்ன ஊதியத்துக்கு வாசிக்கப் போகிறோம் என்பதை முன்னதாகவே அறிந்து, ஒப்பந்தத் தாளுடன் சியால்தாவில் இரயிலிலிருந்து இறங்குவாரானால், அதுவே இக்கொள்கை நடைமுறைக்கு வந்ததற்கு முதற்சான்றாகும்.